குளிரைக் கட்டியாண்ட கார்ல் லிண்டே

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வெப்ப இயற்பியல் தாளில் அடிக்கடி வரும் வினா ஒன்று உண்டு. லிண்டே முறையில் காற்றைத் திரவமாக்குதலைப் படத்துடன் விளக்குக என்பது அது. பத்து மதிப்பெண். சென்ற பருவத் தேர்வில் நானும் அதை எழுதினேன். சுருள் குழாயை வரைந்தேன், அம்புக் குறிகள் போட்டேன், ஜூல்-தாம்சன் விளைவைச் சொன்னேன். லிண்டே என்பவர் ஒரு மனிதர், அவருக்குத் தாய் தந்தை இருந்தனர், அவரும் ஒரு காலத்தில் நம்மைப் போல் மாணவராக இருந்தார் என்ற எண்ணம் எனக்கு ஒரு கணமும் எழவில்லை. விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு மறந்து போனேன்.

மீண்டும் அந்தப் பெயரை நினைக்கச் செய்தது என் தந்தையின் கை.

எங்கள் வீடு காசிமேட்டில் இருக்கிறது. அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 22 ஆண்டுகளாக ஐஸ் கம்பெனி ஒன்றில் இயந்திரம் ஓட்டுகிறார். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விசைப்படகுகள் கடலுக்குப் புறப்படுமுன் ஐஸ் ஏற்றிக்கொள்ளும். அந்த ஐஸ் இல்லையேல் பத்து நாள் கடலில் கிடந்து பிடித்த மீன் கரைக்கு வந்து சேராது. எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்களுக்கு மீன் சோறு போடுகிறது. எங்கள் குடும்பத்துக்கு அந்த மீனைக் காக்கும் ஐஸ் சோறு போடுகிறது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணமும், பஸ் பாஸும், இந்தப் பேனாவும் அம்மோனியாவில் விளைந்தவை என்றால் மிகையாகாது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள்களும் அப்பாவின் இயந்திரம் ஓய்ந்திருக்கும். சென்ற ஆண்டு தடைக்காலம் முடிந்து இயந்திரத்தை மீண்டும் ஓட்டத் தொடங்கிய வாரத்தில், குளிர்க் கலத்தின் அடியில் தங்கிய எண்ணெயை வடிக்கும்போது அம்மோனியா சீறி அடித்து அப்பாவின் வலது கையும் மணிக்கட்டும் வெந்தன. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்ததால் கையையும் முகத்தையும் அதற்குள் அமிழ்த்தினார். கண் தப்பியது. மூன்று வாரம் வீட்டில் இருந்தார். அப்போது தான் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இந்த நாற்றம் பிடித்த அம்மோனியாவை ஐஸ் மிஷினுக்குள் போடலாம் என்று முதலில் எவன் கண்டுபிடித்தான், அவன் ஒரு நாளாவது வால்வைத் திறந்திருப்பானா என்பது அவர் கேள்வி. பி.எஸ்ஸி. படிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. நூலகத்துக்குப் போனேன். எங்கள் துறை விரிவுரையாளர் ஒருவர் தம் சொந்தப் புத்தகத்தையும் தந்து உதவினார். நான் அறிந்ததை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்து கொள்கிறேன்.

பாதிரியாரின் மகன்

கார்ல் லிண்டே ஜெர்மனியின் பவேரியா நாட்டில் பெர்ண்டார்ஃப் என்னும் சிற்றூரில் 1842-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் பிறந்தார். தந்தை லூத்தரன் திருச்சபைப் பாதிரியார். ஒன்பது குழந்தைகளில் லிண்டே மூன்றாமவர். வசதியான குடும்பம் அன்று. தந்தையைப் போலவே மகனும் திருச்சபைப் பணிக்குப் போவான் என்றே வீட்டில் எதிர்பார்த்தனர். மகனோ பொறியியல் படிக்க விரும்பி 1861-இல் சுவிட்சர்லாந்து நாட்டு சூரிச் நகரின் பல்தொழில் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களைப் பார்த்தால் நமக்குப் பொறாமையாக இருக்கும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை வகுத்த அதே கிளாசியஸ் அவருக்குப் பாடம் நடத்தினார். ஜாய்னர், ராய்லோ என்ற இரு பேரறிஞர்களும் உடன் இருந்தனர். நாம் இன்று கிளாசியஸ்-கிளாப்பிரான் சமன்பாட்டை மனப்பாடம் செய்கிறோம். லிண்டே அதை அந்தக் கிளாசியஸின் வாயிலிருந்தே கேட்டார்.

1864-இல் மாணவர் கிளர்ச்சி ஒன்றில் கலந்துகொண்டதற்காக லிண்டே பட்டம் பெறுமுன்பே கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார். இதை நான் எழுதுவதைக் கண்டு கல்லூரி முதல்வர் ஐயா என்னைத் தவறாக எண்ணமாட்டார் என்று நம்புகிறேன். ஆனால் படிக்கும்போது எனக்கு நெஞ்சு படபடத்தது உண்மை. பட்டம் இல்லாமல் வீடு திரும்பும் மகனை அந்தப் பாதிரியார் எப்படிப் பார்த்திருப்பார்? எங்கள் வீட்டில் அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீக்கப்பட்ட மாணவனை ஆசிரியர் கைவிடவில்லை. ராய்லோ கெம்ப்டன் அருகே ஒரு நூற்பாலையில் அவருக்குப் பயிற்சி வேலை தேடிக் கொடுத்தார். அங்கிருந்து பெர்லினில் ரயில் எஞ்சின் செய்யும் போர்சிக் தொழிற்சாலை, பிறகு மியூனிக்கில் புதிதாகத் தொடங்கிய கிராவுஸ் எஞ்சின் தொழிற்சாலை என்று மாறி மாறி வேலை பார்த்தார். 1866-இல் ஹெலன் கிரிம் என்ற பெண்ணை மணந்தார். ஆறு குழந்தைகள்.

1868-இல் மியூனிக்கில் புதிய தொழில்நுட்பக் கல்லூரி திறக்கப்பட்டபோது, பட்டம் இல்லாத லிண்டே 26-ஆம் வயதில் அங்கே விரிவுரையாளர் ஆனார். 1872-இல் முழுப் பேராசிரியர். கரும்பலகையோடு நிற்காமல் மாணவர்கள் இயந்திரங்களைத் தொட்டு ஓட்டிப் பார்க்க ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கே படித்த மாணவர்களுள் ஒருவர் ருடால்ஃப் டீசல். ஆம், நம் ஊர் லாரிகளையும் விசைப்படகுகளையும் இழுக்கும் அந்த டீசல் எஞ்சினைக் கண்டவர்தாம். நீராவி எஞ்சின் தான் பெறும் வெப்பத்தில் எத்தனை சிறு பங்கை மட்டுமே வேலையாக்குகிறது என்று லிண்டே வகுப்பில் சொன்னது டீசலின் உள்ளத்தில் தைத்தது. படித்து முடித்ததும் 1880-இல் பாரிசில் லிண்டேயின் ஐஸ் தொழிலிலேயே அவர் வேலைக்குச் சேர்ந்தார். காசிமேட்டுப் படகில் எஞ்சின் மாணவருடையது, அதன் வயிற்றில் உள்ள ஐஸ் ஆசிரியருடையது!

அமெரிக்க ஐஸும் சென்னையும்

லிண்டே பிறந்த அதே 1842-ஆம் ஆண்டில் தான் நம் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் அதே கட்டடம். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரடெரிக் டூடர், அங்குள்ள ஏரிகள் குளிர்காலத்தில் உறையும்போது பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றினார். 1833-இல் முதற் கப்பல் கல்கத்தா சேர்ந்தது. நான்கு மாதக் கடற்பயணத்தில் கரைந்தது போக மிஞ்சியதே பெரும் இலாபம் தந்தது என்றால் வெள்ளைக்காரத் துரைமார்கள் என்ன விலை கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிக் கொள்ளலாம்.

ஐரோப்பாவில் பனிக்காக ஏங்கியவர்கள் பீர் காய்ச்சுபவர்கள். பவேரியப் பீர் குளிரில் தான் புளிக்க வேண்டும். கோடையில் புளித்தால் கெட்டுவிடும். எனவே குளிர்காலத்தில் குளத்துப் பனியை வெட்டி நிலவறைகளில் அடுக்கி வைத்தனர். குளிர் குறைந்த ஆண்டுகளில் பனியும் இல்லை, பீரும் இல்லை.

மெத்தில் ஈதரும் அம்மோனியாவும்

பாரஃபின் மெழுகைக் குளிரவைத்துப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றுக்குப் பரிசு அறிவித்திருந்ததைக் கண்டுதான் லிண்டே முதன்முதலில் குளிர்பதனத்தைப் பற்றிச் சிந்தித்தார். 1870-71-இல் அவர் எழுதிய கட்டுரைகள் பீர் ஆலைக்காரர்களின் கண்ணில் பட்டன. ஆஸ்திரியாவின் டிரேஹர் ஆலையும் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையும் அவருக்குத் துணை நின்றன.

குளிர் இயந்திரம் அவருக்கு முன்பே இருந்தது. 1834-இல் பெர்க்கின்ஸ் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஹாரிசன் ஆஸ்திரேலியாவில் ஈதரைக் கொண்டு ஐஸ் செய்தார். ஃபிரான்சின் கார்ரே அம்மோனியாவை நீரில் கரைத்து வேறொரு வழியில் குளிரை உண்டாக்கினார். ஆகவே எல்லாவற்றையும் லிண்டேயே கண்டுபிடித்தார் என்று புகழ்வது பொய்ப் புகழ். அவர் செய்தது கணக்கு. எத்தனை வேலை கொடுத்தால் எத்தனை குளிர் கிடைக்க வேண்டும், இருக்கும் இயந்திரங்கள் அதில் எத்தனை பங்கை வீணடிக்கின்றன என்பதைக் கிளாசியஸின் மாணவராக அவர் தாளில் போட்டுப் பார்த்தார். பிறர் கைப்பழக்கத்தால் செய்ததை அவர் விதியைக் கொண்டு செய்தார்.

அவருடைய முதல் இயந்திரம் மெத்தில் ஈதரைக் கொண்டு ஓடியது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையில் செய்து ஸ்பாட்டன் ஆலையில் வைத்துச் சோதித்தனர். குளிர் வந்தது. ஆனால் வாயு கசிந்தது. பாதரசத்தால் அடைத்துப் பார்த்தும் அழுத்தத்தில் இருக்கும் ஈதர் வழி கண்டு வெளியேறியது. மெத்தில் ஈதர் தீப்பற்றி வெடிக்கக்கூடிய பொருள். கூடத்தில் எங்கேனும் விளக்கு எரிந்தாலே போதும்.

அழுத்தக் கலன் வெடித்தால் என்ன ஆகும் என்பதைப் பீர் ஆலைக்காரர்கள் அறியாதவர்கள் அல்லர். 1865 ஜனவரியில் மான்ஹைம் நகரின் பீர் ஆலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அதற்கு மறு ஆண்டே அப்பகுதித் தொழிலதிபர்கள் கூடிக் கொதிகலன்களை முறையாகச் சோதிக்க ஒரு சங்கம் அமைத்தனர். அரசு ஆணையிடுமுன் முதலாளிகளே கூடிச் செய்த செயல் அது. அவ்வழியில் வளர்ந்த சோதனை அமைப்புகளே இன்று உலகெங்கும் அறியப்படும் ஜெர்மன் ஆய்வு நிறுவனங்கள்.

லிண்டே முதல் இயந்திரத்தைச் சாக்குச் சொல்லி விற்கவில்லை. ஒதுக்கி வைத்தார். இரண்டாவது இயந்திரத்துக்கு அம்மோனியாவைத் தேர்ந்தார். தண்டு வெளிவரும் இடத்தைக் கிளிசரின் கொண்டு அடைத்தார். அந்த இயந்திரம் டிரியெஸ்ட் நகரில் டிரேஹர் ஆலையில் 1877 வாக்கில் நிறுவப்பட்டு முப்பது ஆண்டுகள் வரை ஓடியது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் வியக்கவில்லை. ஆயில் பார்த்து ஓட்டினால் ஓடும் என்றார்.

அம்மோனியாவை ஏன் தேர்ந்தார்? அது சாதாரண வளி அழுத்தத்தில் -33 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கும்போது சுற்றியுள்ள வெப்பத்தை ஏராளமாக விழுங்கும். உள்ளுறை வெப்பத்தில் தண்ணீருக்கு அடுத்து நிற்பவற்றுள் அதுவும் ஒன்று. எளிதில் தீப்பற்றாது, காற்றில் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்கு மேல் கலந்தால்தான் எரியும். அதைவிட முக்கியமானது நாற்றம். உயிரைக் குடிக்கும் அளவுக்கு வெகு முன்பே மூக்கைக் குத்தி ஆளை ஓடச் செய்யும். நாற்றம் பிடித்தது என்று அப்பா திட்டும் அக்குணமே அவரை இதுவரை காத்து வந்திருக்கிறது.

அதே அம்மோனியா சென்னை வெயிலில், 35 டிகிரியில், மூடிய கலத்துக்குள் வளிமண்டலத்தைப் போல் 13 மடங்குக்கும் மேல் அழுத்தும். அப்பாவின் கண்டென்சரில் கோடை நடுப்பகலில் மானி 200 பவுண்டைத் தொடும். ஒரு லிட்டர் திரவ அம்மோனியா ஆவியானால் நம் அறைவெப்பத்தில் ஏறத்தாழ 1,000 லிட்டர் வாயு ஆகும். இதை நானே மோல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வால்வுகளுக்கு இடையே குளிர்ந்த திரவத்தை அடைத்து வைத்துவிட்டு மறந்து போனால், வெப்பம் ஏற ஏறத் திரவம் விரிந்து குழாயையே பிளந்துவிடும். விரியும் திரவத்துக்கு மேலே கொஞ்சம் காலி இடம் விட வேண்டும் என்பது முதல் பாடம்.

அப்பாவுக்கு நேர்ந்தது வேறு. கம்ப்ரசரில் போடும் எண்ணெய் சிறிது சிறிதாக அம்மோனியாவோடு சென்று குளிர்க் கலத்தின் அடியில் தங்கிவிடும். எண்ணெய் கனமானது, அம்மோனியாவோடு கலக்காது. அதை அவ்வப்போது வடிக்காவிட்டால் குளிர் குறையும். குளிரில் எண்ணெய் கெட்டித் தேன் போல் ஆகிவிடும். வால்வைச் சிறிது திறந்தால் வராது. இன்னும் கொஞ்சம் திறப்போம் என்று திறந்தால், எண்ணெய் சட்டென்று வழிவிட, பின்னால் நிற்கும் திரவ அம்மோனியா சீறிப் பாயும். மூடுவதற்குக் கை கிட்டே போக முடியாது. சரியான முறை என்னவென்றால், எண்ணெய் தனிக் குடுவை ஒன்றில் இறங்கவேண்டும், குடுவையைக் கலத்திலிருந்து அடைத்துப் பிரிக்கவேண்டும், அது வெதுவெதுப்பாகும் வரை பொறுக்கவேண்டும், அதிலுள்ள அம்மோனியா கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கம் போய்விட வேண்டும், பிறகே வடிக்கவேண்டும். வடிக்கும் வாயில் இரண்டு வால்வுகள், அவற்றுள் ஒன்று கையை எடுத்தால் வில்விசையால் தானே மூடிக்கொள்வது. கண்ணாடி, முகமூடி, கையுறை, அருகே தண்ணீர், பக்கத்தில் இன்னோர் ஆள். இத்தனையும் தெரிந்த தொழிலாளிக்கும் குடுவை இல்லாத இடத்தில், ஒற்றை வால்வோடு, படகுகள் வெளியே காத்து நிற்கையில் பொறுமை எங்கிருந்து வரும்?

மூன்று நாள் காத்திருப்பு

1879 ஜூனில் லிண்டே பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு வீஸ்பாடன் நகரில் ஐஸ் இயந்திரக் கம்பெனி தொடங்கினார். நிலையான அரசுச் சம்பளத்தைத் துறந்து வணிகத்துக்குப் போன துணிவை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டில் அரசு வேலை என்பதே மோட்சம். ஆனால் அவர் தோற்கவில்லை. 1883-84 குளிர்காலத்தில் குளிர் குறைந்து இயற்கைப் பனி கிடைக்காமல் போனதும் ஆலைகள் அவரிடம் ஓடின. 1890-க்குள் 747 இயந்திரங்கள் விற்றன. நம் ஐஸ் ஹவுஸும் அதற்குள் வணிகம் இழந்து கைமாறிவிட்டது. 1870-களிலேயே சென்னையில் இயந்திர ஐஸ் உற்பத்தி தொடங்கியிருந்தது.

பொருள் சேர்ந்ததும் அவர் மீண்டும் மியூனிக் திரும்பி ஆய்வில் இறங்கினார். 1892-இல் டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலை கரியமில வாயுவைத் திரவமாக்க இயந்திரம் கேட்டது. அதிலிருந்து அவர் எண்ணம் காற்றின் பக்கம் திரும்பியது. காற்றின் துளிகளை 1877-இல் கைலேத்தேயும் பிக்தேயும் கண்டிருந்தனர். 1883-இல் கிராக்கோவில் விரோப்லெவ்ஸ்கியும் ஓல்செவ்ஸ்கியும் அதைச் சோதனைக் குழாயில் தேக்கிக் காட்டினர். ஆனால் தொழில் முறையில் பெருமளவில் எவரும் எடுத்ததில்லை.

இங்கே தான் நம் பத்து மதிப்பெண் வினா வருகிறது. அழுத்திய காற்றை ஒரு சிறு துளை வழியே விரியவிட்டால், ஒரு வளிமண்டல அழுத்தம் குறைவதற்கு ஏறத்தாழ கால் டிகிரிதான் குளிரும். அற்பம் என்று ஜூலும் தாம்சனும் விட்டதை லிண்டே விடவில்லை. குளிர்ந்த காற்றைத் திருப்பி அனுப்பி, வரும் காற்றை அதனால் குளிர்விக்கச் செய்தார். குளிர்ந்து வந்தது விரியும்போது இன்னும் குளிரும். அது அடுத்ததை இன்னும் குளிர்விக்கும். வட்டிக்கு வட்டி ஏறுவது போல! ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய நீண்ட இரும்புக் குழாய்களைச் சுருளாக்கிக் கம்பளி மயிரால் பொதிந்தனர். அந்தக் கனத்த இரும்பு முழுவதும் குளிர மூன்று நாள் ஆயிற்று. 1895 மே 29-ஆம் நாள் குழாயைத் திறந்தபோது வெண்மேகம் சூழ, இளநீலத் திரவம் உலோக வாளியில் கொட்டியது. மணிக்கு மூன்று லிட்டர். அதே வாரங்களில் இங்கிலாந்தில் ஹாம்சன் என்பவரும் அதே வழியைக் கண்டு காப்புரிமை கோரியிருந்தார். புகழில் அவருக்கும் பங்கு உண்டு.

தேர்வில் எழுதும்போது அந்த மூன்று நாளை நான் எழுதவில்லை. இப்போது அதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரும்பை அவசரப்படுத்திக் குளிர்விக்கக் கூடாது. குளிரும் உலோகம் சுருங்கும். கணக்கிட்டால், 30 டிகிரியிலுள்ள ஒரு கிலோமீட்டர் எஃகுக் குழாய் -33 டிகிரிக்கு வந்தால் முக்கால் மீட்டர் சுருங்க முயலும். ஒரு பக்கம் குளிர்ந்து மறு பக்கம் வெதுவெதுப்பாக இருந்தால் பற்றவைத்த இடங்கள் விண்ணென்று இழுபடும். அதோடு, சாதாரண எஃகு கடுங்குளிரில் வளையும் தன்மையை இழந்து கண்ணாடி போல் நொறுங்கும். 1944 அக்டோபர் 20-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் திரவ இயற்கை வாயுத் தொட்டி பிளந்து ஏறத்தாழ 130 பேர் தீயில் மாண்டனர். தொட்டியின் எஃகில் நிக்கல் 3.5 விழுக்காடு மட்டுமே இருந்தது. -160 டிகிரிக்கு அது போதவில்லை. பிறகு தான் 9 விழுக்காடு நிக்கல் எஃகு வந்தது.

1897-இல் பவேரிய அரசு லிண்டேக்கு வீரத்திருத்தகைப் பட்டம் அளித்தது. அதன் பின்னரே அவர் கார்ல் வான் லிண்டே. 1902-இல் திரவக் காற்றைக் கொதிக்க வைத்து ஆக்சிஜனைத் தனியே பிரித்தார். நைட்ரஜன் -196 டிகிரியில் கொதித்து முதலில் போய்விடும். ஆக்சிஜன் -183 வரை தங்கும். பின்னர் நைட்ரஜனும் தூய்மையாகக் கிடைத்தது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் நாடெங்கும் மருத்துவமனை வாசல்களில் மூச்சுக்காக மக்கள் காத்து நின்ற ஆக்சிஜன் டாங்கர்கள் சுமந்து வந்தது அவ்வழியில் பிரித்த ஆக்சிஜனைத்தான். அவர் பிரித்த நைட்ரஜனோ ஹேபர்-பாஷ் முறையில் அம்மோனியா ஆயிற்று. 1913-இல் ஒப்பாவ் நகரில் அத்தொழிற்சாலை தொடங்கியது. அந்த அம்மோனியா உரமாகி வயலுக்கும் போயிற்று, முதல் உலகப் போரில் வெடிமருந்தாகிப் போர்க்களத்துக்கும் போயிற்று. லிண்டேயைப் பற்றி எழுதும்போது ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

இன்னொன்றும் உண்டு. 1907-இல் அமெரிக்காவில் அவர் துணையோடு தோன்றிய லிண்டே ஏர் புராடக்ட்ஸ் கம்பெனி 1917-இல் வேறு கம்பெனிகளோடு சேர்ந்து யூனியன் கார்பைடு ஆயிற்று. 1984 டிசம்பரில் போபாலில் நடந்ததை நாம் அறிவோம். அந்த நச்சுத் திரவத் தொட்டியைக் குளிராக வைத்திருக்க வேண்டிய குளிர்பதன இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. குளிரால் பெயர் பெற்றவரின் வழித்தோன்றலாக வந்த கம்பெனியின் ஆலையில் குளிரை நிறுத்திவிட்டனர். இதற்கு லிண்டே பொறுப்பல்லர்; அவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தும் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1910-இல் பொறுப்பைப் புதல்வர்களான ஃபிரீட்ரிக், ரிச்சர்ட் இருவரிடமும் மருமகனிடமும் விடத் தொடங்கினார். மியூனிக்கின் புகழ் பெற்ற டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தை உருவாக்க உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1934 நவம்பர் 16-ஆம் நாள், 92-ஆம் வயதில் மறைந்தார்.

எண்ணூர்க் கரையில்

நம் வடசென்னை இன்று குளிரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காசிமேட்டில் ஐஸ் ஆலைகள். எண்ணூரில் அம்மோனியாவை -33 டிகிரியில் தேக்கும் தொட்டி. காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் இயங்கும், -162 டிகிரியில் இயற்கை வாயுவைத் தேக்கும் முனையம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன், கப்பலிலிருந்து அம்மோனியா இறக்குவதற்காகக் கடலடிக் குழாயைக் குளிர்வித்துத் தயார் செய்கையில் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கைக்குழந்தைகளோடு சாலைக்கு ஓடினர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சென்றனர். அம்மாதத் தொடக்கத்தில் அடித்த மிக்ஜாம் புயலில் குழாயருகே இருந்த பாறைகள் பெயர்ந்து அதைச் சேதப்படுத்தியிருக்கலாம் என ஆய்வுக்குழு கருதியது. அம்மோனியா காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும் என்று நாம் படிக்கிறோம். குளிர்ந்து நீர்த்துளியோடு கலந்து வரும் அம்மோனியா மேலே போகாது. தரையோடு தவழ்ந்து வீட்டுக்குள் நுழையும். காற்றுக்குக் குறுக்கே விலகி ஓடவேண்டும், ஈரத்துணியால் மூக்கை மூடவேண்டும் என்று அந்தக் குப்பங்களில் யாருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நடுகிறோம். அதோடு இதையும் செய்யலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். லிண்டே வால்வைத் திறந்திருப்பாரா? திறந்திருப்பார் என்றே நினைக்கிறேன். 1895-இல் அந்தத் திரவக் காற்றை வாளியில் பிடித்தபோது அவர் அருகிலேயே நின்றார். இதை அப்பாவிடம் சொன்னேன். கையுறை போட்டிருந்தாரா என்று கேட்டார். அது புத்தகத்தில் இல்லை.

எண்ணெய் வடிக்கும் முறையைத் தமிழில் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அப்பா அதைக் கம்ப்ரசர் அறையில் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். எதிரே மாட்டினால் முதலாளி தம்மைக் குறை சொல்வதாக எண்ணுவாராம். வில்விசை வால்வு ஒன்றும் எண்ணெய்க் குடுவையும் வாங்கித் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார், தடைக்காலம் முடியட்டும் என்றாராம். முடிவதற்குள் வந்தால் இயந்திரம் ஓய்ந்திருக்கும் நாளிலேயே பொருத்திவிடலாம் என்று அப்பா மீண்டும் கேட்கப் போகிறார். ஜூன் 14 நள்ளிரவில் படகுகள் போகும். அதற்கு ஐந்து நாள் முன்பே இயந்திரம் ஓடத் தொடங்கும். எனக்கு அப்போது தேர்வு முடிந்திருக்கும். எண்ணெய் வடிக்கும் அன்று பக்கத்தில் நிற்க இன்னோர் ஆள் வேண்டுமே, நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை.